பிஎஸ்2-க்கு கன்ட்ரோலர் தேடி ரெண்டு மாசம் அலைஞ்ச கதை

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு ஒருவழியா வேலை செஞ்சிருச்சு. பழைய டப்பா டிவில பிஎஸ்2, அதான் சோனியோட ப்ளேஸ்டேஷன் 2 கேம் கன்சோல், ஓடுது, என் கையில இருக்குறது பிஎஸ்4 கன்ட்ரோலர், நடுவுல ஒயரே இல்ல, கன்சோல் பக்கத்துல ஒரு பச்சை சோப்பு டப்பா மட்டும் உக்காந்திருக்கு. எல்லாரும் தூங்குற நேரம், சந்தோஷத்துல கத்தக்கூட முடியல. ரெண்டு மாசம், ரெண்டாயிரத்து சொச்சம் ரூபா, செத்துப்போன ஒரு போர்டு, தப்பா வாங்குன ஒரு அடாப்டர், இவ்ளோ ஆச்சு இதுக்கு. மறக்குறதுக்குள்ள நடந்த வரிசையிலயே எழுதிடுறேன், இதே பொட்டிய பரண்ல போட்டு வச்சிருக்கவங்க நிறைய பேர் இருப்பீங்க.

என்னோடது ஸ்லிம் மாடல், 90000 சீரிஸ். செங்கல் மாதிரி தனி அடாப்டர் இல்லாம பவர் சப்ளை பொட்டிக்குள்ளயே இருக்கும்ல, அது. காலேஜ் முடிச்சு மொத சம்பளத்துல பர்மா பஜார்ல பேரம் பேசி வாங்குனது. மே மாசம் லீவுக்கு அக்கா பையன் வர்றான்னு சொன்னாங்க, அவனுக்கு காட்டலாம்னு மார்ச் மாசமே இறக்கி தூசி தட்டி போட்டேன். டிஸ்க் படிக்குது, மெமரி கார்டுல பழைய சேவ் எல்லாம் அப்படியே இருக்கு. ஆனா கன்ட்ரோலர் ரெண்டும் போச்சு. ஒண்ணு ஒயர எலி கடிச்சிருக்கு. இன்னொண்ணு ஒரிஜினல் ட்யூயல்ஷாக் 2, பிஎஸ்2-க்கு சோனியே போட்ட கன்ட்ரோலர், அதுல முக்கோணம் அமுக்குனா சில நேரம் வேலை செய்யும் சில நேரம் செய்யாது, வலது அம்புக்குறி தானாவே அமுங்கிக்கிட்டே இருக்கும், மெனுவே ஓடிக்கிட்டு இருக்கும் பேய் பிடிச்ச மாதிரி.

மொத வேலையா அத கழட்டுனேன். பின்னாடி இருக்குற ஸ்க்ரூ எல்லாம் சாதா ஸ்டார் ஸ்க்ரூ தான், சின்ன ஸ்க்ரூட்ரைவர் செட் இருந்தா போதும். மூடிய தூக்குனதும் எல்2 பட்டன் கழண்டு கட்டிலுக்கு அடியில ஓடிருச்சு, எப்படி உக்காந்திருந்துச்சுன்னு ஃபோட்டோ எடுக்கல, அதுக்கே முக்கா மணி நேரம். உள்ள பட்டன் எல்லாத்துக்கும் அடியில ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் ஃபிலிம் இருக்கு, அதோட வால் மெயின் போர்டுல இருக்குற கோடுகள் மேல வந்து உக்காருது, சால்டரிங் எதுவும் கிடையாது, ஒரு சின்ன ஸ்பாஞ்சு பட்டை அத அமுக்கி பிடிச்சிக்கிட்டு இருக்கு, அவ்ளோதான் கனெக்ஷன். பத்து பதினஞ்சு வருஷத்துல அந்த ஸ்பாஞ்சு செத்து தகடு மாதிரி ஆயிடுது. அமுக்கம் போனா பட்டன் போச்சு.

ஃபிலிம ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு துடைச்சேன், நூறு மில்லி பாட்டில் நூறு ரூபா. ஸ்பாஞ்சுக்கு பதிலா என்ன வைக்கிறதுன்னு தெரியாம சட்டைப்பையில இருந்த பஸ் டிக்கெட்ட நாலா மடிச்சு அது மேல வச்சு மூடுனேன். வேலை செஞ்சுச்சு, நாலு நாளைக்கு. அஞ்சாவது நாள் மறுபடியும் பேய். சரி இதோட ஆயுசு அவ்ளோதான்னு முடிவு பண்ணி பிளாஸ்டிக் கவர்ல போட்டு தூக்கி வச்சிட்டேன். பண்ணுன பெரிய தப்பு இதுதான், அதுக்கு கடைசில வர்றேன்.

அடுத்தது கடைப்பக்கம். எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஞாயித்துக்கிழமை போய் நின்னேன், பாதிக்கு மேல ஷட்டர் இறக்கியிருக்கு, தாம்பரத்துல இருந்து ட்ரெயின்ல போனவனுக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். மறுபடி புதன்கிழமை பர்மிஷன் போட்டுட்டு போனேன். பிஎஸ்2 கன்ட்ரோலர்னு கேட்டதும் கடைக்காரர் சிரிச்சாரு, "பாஸ், இன்னுமா அத வச்சிருக்கீங்க"ன்னு கேட்டுட்டு மேல் ரேக்குல இருந்து ஒரு பேக்கட் எடுத்து குடுத்தாரு, 380 ரூபா. அட்டையில ஒரிஜினல்னு போட்டிருந்துச்சு. பிஎஸ்2 தயாரிப்பே 2013 ஜனவரியோட முடிஞ்சு போச்சு, இப்போ பளபளன்னு சீல் போட்ட பேக்கட்ல புதுசா வர்றது எதுவும் ஒரிஜினலா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, அவரையும் குத்தம் சொல்ல முடியாது, 380 ரூபாக்கு வேற என்ன கிடைக்கும்.

அந்த காப்பி கன்ட்ரோலர்ல ரெண்டு பிரச்சனை. ஸ்டிக்க பாதி தள்ளுனாலே முழுசா தள்ளுன மாதிரி எடுத்துக்குது, கார் கேம்ல லேசா திருப்பலாம்னு பாத்தா வண்டி நேரா சுவத்துல போய் முட்டுது. ரெண்டாவது, ஒரிஜினல் ட்யூயல்ஷாக் 2-ல எக்ஸ், சதுரம் இதெல்லாம் எவ்ளோ அழுத்துறோம்னு அளந்து அனுப்பும், கிராண்ட் டூரிஸ்மோ 4-ல எக்ஸ மெதுவா அழுத்துனா ஆக்சிலேட்டர் மெதுவா ஏறும். இந்த காப்பில அது ஒண்ணு ஜீரோ இல்லேன்னா ஃபுல். மூணாவது வாரத்துல வலது ஸ்டிக்கும் தானா நகர ஆரம்பிச்சுது. இது போதும்னு ஒதுக்கி வச்சேன்.

இப்போதான் வீட்டுல ஒரு பிஎஸ்4 கன்ட்ரோலர் சும்மா கிடக்குறது ஞாபகம் வந்துச்சு, லேப்டாப்ல விளையாட வாங்குனது. ஸ்லிம்ல முன்னாடி ரெண்டு யூஎஸ்பி போர்ட் இருக்கு, சரி அதுல சொருகுனா எடுத்துக்காதான்னு ஒரு ஆசை. லேப்டாப்ல வேலை செய்யுற சாதா யூஎஸ்பி கேம்பேட் ஒண்ணு நண்பன்கிட்ட வாங்கிட்டு வந்து மொதல்ல அத சொருகுனேன், லைட் எரிஞ்சுது, ஆஹான்னு உக்காந்தேன், ஒண்ணுமே நடக்கல. கொஞ்சம் தேடி படிச்சதுல தெரிஞ்சது என்னன்னா, அந்த போர்ட்டுக்கு கரண்ட் வருது, ஆனா அதுல என்ன சொருகியிருக்குன்னு பாக்குற வேலை ஒவ்வொரு கேமும் தானா பண்ணிக்கணும். சில ரேஸ் கேம் ஸ்டீயரிங்க எடுத்துக்கும், ஐடாய் கேமரா, பாட்டு கேம் மைக், இந்த மாதிரி சிலதுக்கு தான் அது. சாதா கேம் எல்லாம் கன்ட்ரோலர் சொருகுற அந்த ஒம்போது பின் போர்ட்ட மட்டும் தான் பாக்கும். யூஎஸ்பி ரெண்டும் வேஸ்ட்டுன்னு நினைச்சேன்.

அடுத்த தப்பு இன்னும் சூப்பர். ஆன்லைன்ல "பிஎஸ்2 யூஎஸ்பி கன்வெர்ட்டர்"னு தேடி 220 ரூபாக்கு ஒண்ணு ஆர்டர் போட்டேன். வந்துச்சு. கருப்பு டப்பா, ஒரு பக்கம் பிஎஸ்2 கன்ட்ரோலர் சொருகுற ரெண்டு வாய், இன்னொரு பக்கம் யூஎஸ்பி வால். கன்சோல்ல எங்க மாட்டுறதுன்னு அஞ்சு நிமிஷம் திருப்பி திருப்பி பாத்தேன். அப்புறம் தான் மண்டையில ஏறுச்சு, இது பிஎஸ்2 கன்ட்ரோலர கம்ப்யூட்டர்ல மாட்டுறதுக்கு, நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிரா கம்ப்யூட்டர் கன்ட்ரோலர பிஎஸ்2-ல மாட்டுறது. வாங்கப்போறவங்க பேர பாக்காதீங்க, ஃபோட்டோவ பாருங்க, கன்சோலுக்குள்ள நுழையுற ஒம்போது ஓட்டை பிளக் ஒரு முனையில இருக்கணும், அது இல்லேன்னா வாங்காதீங்க. கம்மி விலைக்கு கிடைக்குற கன்வெர்ட்டர் முக்காவாசி இந்த தப்பு திசை தான்.

சரியான திசையில ரெடிமேடா வர்றதும் இருக்கு, எய்ட்பிட்டோ கம்பெனி ஒண்ணு போடுறாங்க, ப்ரூக் கம்பெனில விங்மேன்னு ஒண்ணு வருது. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சு ஷிப்பிங் கஸ்டம்ஸ் எல்லாம் சேத்து கணக்கு போட்டு பாத்துட்டு அந்த பக்கத்த மூடிட்டேன். நேரம் இல்லாதவங்க, சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியாதவங்க அதையே வாங்கிக்கலாம், தப்பில்ல.

நான் போனது ப்ளூரெட்ரோ பக்கம். ஓபன் சோர்ஸ் ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள்ள ஏத்துற ப்ரோக்ராம், ஈஎஸ்பி32ங்குற ப்ளூடூத் சிப் இருக்குற குட்டி போர்டுல ஏத்துனா அது ப்ளூடூத்ல கன்ட்ரோலர பிடிச்சு பழைய கன்சோலுக்கு புரியுற மாதிரி மாத்தி குடுக்கும், பிஎஸ்2 மட்டும் இல்ல, இன்னும் நிறைய பழைய கன்சோலுக்கு வேலை செய்யும். போர்டு ஒண்ணு, கன்ட்ரோலர் எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒண்ணு, அத நடுவுல வெட்டி கன்சோல் பக்க முனைய எடுத்துக்கணும், ஒயர போர்டுல சால்டர் பண்ணனும். சொல்றப்போ ஒரு மாலை நேரத்து வேலை மாதிரி தான் இருந்துச்சு.

போர்டு வாங்குறதுலயே சறுக்கல். சின்னதா அழகா இருக்கு, விலையும் கம்மின்னு ஈஎஸ்பி32-சி3 வாங்குனேன், 260 ரூபா. ஃபர்ம்வேர் ஏத்துறப்போ இது ஈஎஸ்பி32 இல்ல, சி3 அப்படின்னு மூஞ்சில அடிச்ச மாதிரி எரர் காட்டிட்டு நின்னுடுச்சு. பேருல ஈஎஸ்பி32 இருந்தா மட்டும் போதாது. சி3, எஸ்3 இதுலெல்லாம் ப்ளூடூத் லோ எனர்ஜி மட்டும் தான், பிஎஸ்4 கன்ட்ரோலர் பேசுறது பழைய க்ளாசிக் ப்ளூடூத், அது மொத தலைமுறை ஈஎஸ்பி32-ல தான் இருக்கு. கடையில கேக்குறப்போ போர்டுல சிப்ப மூடியிருக்குற தகர மூடி மேல வ்ரூம்-32ன்னு அடிச்சிருக்கான்னு கண்ணால பாத்து வாங்குங்க. நான் 38 பின் போர்டு வாங்குனேன், 420 ரூபா.

ஃபர்ம்வேர் ஏத்துறதுக்கு ஒரு மாலை போச்சு. லேப்டாப் போர்ட காட்டவே இல்ல, டிரைவர் பிரச்சனைன்னு நினைச்சு சிபி2102 டிரைவர் போட்டேன், சிஎச்340 டிரைவர் போட்டேன், ரீஸ்டார்ட் போட்டேன், கடைசில பாத்தா நான் சொருகுன மைக்ரோ யூஎஸ்பி கேபிள் ஏதோ பவர் பேங்க்கோட வந்தது, சார்ஜ் மட்டும் ஏறும், டேட்டா ஒயரே அதுல கிடையாது. டேட்டா போற கேபிள் 90 ரூபாக்கு தெருமுனை மொபைல் கடையிலயே கிடைச்சுது. அப்புறமும் ஏத்துறப்போ போர்டுல BOOTன்னு போட்டிருக்குற குட்டி பட்டன அமுக்கி பிடிச்சிக்கிட்டே இருந்தா தான் ஆரம்பிக்குது, ஆரம்பிச்சதும் விட்டுடலாம்.

இப்போ கேபிள். எக்ஸ்டென்ஷன் கேபிள் 180 ரூபா, வெட்டுனேன், உள்ள கலர் கலரா ஒயர். நெட்ல ஒரு கலர் சார்ட் எல்லா இடத்துலயும் சுத்திக்கிட்டு இருக்கு, பழுப்பு டேட்டா, ஆரஞ்சு கமாண்ட், கருப்பு கிரவுண்ட், சிவப்பு 3.3 வோல்ட், மஞ்சள் அட்டென்ஷன், நீலம் கிளாக், பச்சை அக்னாலட்ஜ்னு. அது கன்ட்ரோலரோட ஒரிஜினல் ஒயருக்கு சரி. நான் வாங்குன 180 ரூபா கேபிளுக்கு அந்த சார்ட்ட பத்தி யாரும் சொல்லல போல. நான் நம்பி சிவப்ப கொண்டுபோய் போர்டோட 3.3 வோல்ட் பின்னுல வச்சு சால்டர் பண்ணி கன்சோல ஆன் பண்ணுனேன். ரெண்டு செகண்ட் இருக்கும், தகர மூடி மேல விரல வச்சா சுடுது, அப்புறம் அந்த வாசனை, எலக்ட்ரானிக்ஸ் நோண்டுறவங்களுக்கு தெரியும் அது என்ன வாசனைன்னு. பாய்ஞ்சு போய் பிளக்க பிடுங்குனேன். போர்டு காலி. 420 ரூபா.

கன்சோலும் போயிருக்குமோன்னு கை நடுங்கிக்கிட்டே காப்பி கன்ட்ரோலர மாட்டி பாத்தேன், நல்லவேளை அதுக்கு ஒண்ணும் ஆகல. அப்புறம் மல்டிமீட்டர் வச்சு பாத்தா, என் கேபிள்ல சிவப்பு வந்து நின்னது மூணாவது பின்னுல. அது வைப்ரேஷன் மோட்டருக்கான லைன், அதுல வர்றது 7.6 வோல்ட். ஈஎஸ்பி32 தாங்குறது அதிகபட்சம் 3.6. நெத்தியில அடிச்சிக்கிட்டேன், மல்டிமீட்டர் மேசை மேலயே தான் இருந்துச்சு, எடுத்து வைக்க சோம்பேறித்தனம்.

ரெண்டாவது போர்டு வாங்கிட்டு வந்து ஒழுங்கா உக்காந்தேன். பிளக்க பாத்தீங்கன்னா மூணு மூணா பிரிச்சு ஒம்போது ஓட்டை இருக்கும். வரிசை இதுதான்: ஒண்ணு டேட்டா, ரெண்டு கமாண்ட், மூணு 7.6 வோல்ட், நாலு கிரவுண்ட், அஞ்சு 3.3 வோல்ட், ஆறு அட்டென்ஷன், ஏழு கிளாக், எட்டு சாதா கன்ட்ரோலருக்கு தேவையில்லாதது, ஒம்போது அக்னாலட்ஜ். மீட்டரோட முள்ளு அந்த ஓட்டைக்குள்ள போகாது, குண்டூசிய ஓட்டைக்குள்ள விட்டு அது மேல முள்ள வச்சு, மறு முனையில ஒவ்வொரு ஒயரா தொட்டு பீப் வருதான்னு பாத்து, ஒவ்வொண்ணுலயும் மாஸ்கிங் டேப்ல நம்பர் எழுதி ஒட்டுனேன். அரை மணி நேரம் கூட ஆகல. எந்த பக்கம் இருந்து எண்ணுறதுன்னு குழப்பம் வந்தா கன்சோல ஆன் பண்ணி போர்ட்டுல வோல்டேஜ் பாருங்க, ஏழரை வோல்ட் கிட்ட காட்டுறது மூணு, 3.4 கிட்ட காட்டுறது அஞ்சு, முள்ளு ரெண்டு பின்ன சேத்து தொட்டுடாம பாத்துக்கோங்க. மூணாம் நம்பர் ஒயர மொத வேலையா அடியோட வெட்டி ஸ்லீவ் போட்டு மூடிட்டேன், இனிமே அது கண்ணுலயே படக்கூடாது. ஈஎஸ்பி பக்கம் எந்த ஒயர் எந்த பின்னுக்குன்னு ப்ளூரெட்ரோ விக்கில கன்சோல் வாரியா டேபிள் இருக்கு, ப்ரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டிக்கிட்டேன். சிக்னல் எல்லாம் ரெண்டு பக்கமும் 3.3 வோல்ட் தான், நடுவுல வோல்டேஜ மாத்துற லெவல் ஷிஃப்டர் எதுவும் வேண்டாம், நேரா ஒயருக்கு ஒயர்.

25 வாட் அயர்ன், மெல்லிசு ஈயம், ஸ்லீவ் எல்லாம் சேத்து 60 ரூபா, அயர்ன் ஏற்கனவே இருந்தது. ஆன் பண்ணுனேன், கன்ட்ரோலர்ல ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேத்து அமுக்கி பிடிச்சேன், லைட் படபடன்னு அடிச்சு நிலையா நின்னுச்சு. சேந்துருச்சு! ஆனா கன்சோல் பக்கம் கன்ட்ரோலரே இல்லைங்குது. ரெண்டு சாயங்காலம் ஃபர்ம்வேர மாத்தி மாத்தி ஏத்தி பாத்தேன், பழைய வெர்ஷன், புது வெர்ஷன். கடைசில ஒயர லேசா இழுத்து பாத்தா ஒம்போதாம் நம்பர் கையோட வந்துருச்சு, சால்டர் மேல பந்து மாதிரி உக்காந்திருக்கு, ஒட்டவே இல்ல. அந்த அக்னாலட்ஜ் வரலேன்னா கன்சோல் மொத பைட்ட அனுப்பிட்டு அந்த பக்கம் யாரும் இல்லன்னு முடிவு பண்ணிடும். மறுபடி சூடு காட்டி ஒட்டுனதும் மெனு நகந்துச்சு.

சந்தோஷம் ரெண்டு நிமிஷம். விளையாடிக்கிட்டு இருக்கப்போ கனெக்ஷன் பொட்டுனு போகும், தானா திரும்ப வரும், மறுபடி போகும். போர்டுக்கு நான் கரண்ட் எடுத்தது அஞ்சாம் நம்பர் 3.3 வோல்ட்ல. ஒயர் கன்ட்ரோலருக்கு அது தாராளம், ஆனா ஈஎஸ்பி32 ரேடியோ ஆன் ஆகுறப்போ நூறு மில்லிஆம்புக்கு மேல சடக்குனு இழுக்கும், அந்த நொடியில வோல்டேஜ் இறங்கி போர்டு ரீசெட் ஆயிடுது. 470 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒண்ணு, அஞ்சு ரூபா, குறுக்க போட்டேன், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ போனது அரை மணிக்கு ஒரு தடவைன்னு ஆச்சு. அரை மணிக்கு ஒரு தடவ மேட்ச் நடுவுல கட் ஆனா அது அத விட எரிச்சல்.

அப்போ தான் கண்ணு முன்னாடி இருந்தது தெரிஞ்சுது. கன்சோல் முன்னாடி இருக்கே அந்த ரெண்டு வேஸ்ட் யூஎஸ்பி போர்ட்! அது கேம்பேட எடுத்துக்காது, ஆனா 5 வோல்ட் குடுக்குது, யூஎஸ்பி கணக்குப்படி 500 மில்லிஆம்ப் வரைக்கும். போர்டுல மைக்ரோ யூஎஸ்பி வாய் இருக்கு, அந்த 90 ரூபா கேபிள அதுல சொருகி கன்சோல் முன்னாடி சொருகுனேன். அதுக்கு முன்னாடி அஞ்சாம் நம்பர் ஒயர கழட்டி ஸ்லீவ் போட்டாச்சு, ரெண்டு பக்கம் இருந்தும் கரண்ட் குடுக்கக்கூடாது. கிரவுண்ட் ஒயர், அதான் நாலாம் நம்பர், அது மட்டும் அப்படியே இருக்கணும். கன்சோல ஆன் பண்ணா போர்டும் ஆன், நிறுத்துனா அதுவும் நின்னுடும். அதுக்கப்புறம் ஒரு தடவ கூட கட் ஆகல, தொடர்ந்து மூணு மணி நேரம் ஓட்டி பாத்துட்டேன்.

பொட்டி விஷயம். மொதல்ல வீட்டுல கிடந்த ஜாமெட்ரி பாக்ஸ்ல வச்சு ஜம்முனு மூடுனேன், ஒரு அடி தள்ளுனதும் கன்ட்ரோலர் தடுமாறுது, தகரத்துக்குள்ள ரேடியோவ வச்சு மூடுனா வேற எப்படி இருக்கும். ஊருக்கு எடுத்துட்டு போற பிளாஸ்டிக் சோப்பு டப்பா சரியா பொருந்துச்சு, போர்டு அஞ்சரை சென்டிமீட்டர் நீளம், டப்பா எட்டரை, ஒயர் வெளிய வர்ற இடத்துல சூடான அயர்ன் முனையால ஒரு ஓட்டை, அதுக்கு உள்பக்கம் ஒயருக்கு ஒரு முடிச்சு, இழுத்தா சால்டர்ல அழுத்தம் வராம இருக்க. டப்பா இன்னும் சந்தன வாசனை அடிக்குது, போர்டு சூடானா கொஞ்சம் தூக்கலா.

தாமதம் எவ்ளோன்னு பாக்கணும்னு மனசு அரிச்சுது. ஃபோன்ல 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் இருக்கு, ஒரு ஃப்ரேம் நாலு மில்லிசெகண்ட் சொச்சம். விரலும் டிவியும் ஒரே ஷாட்ல வர்ற மாதிரி வச்சு, பட்டன் அமுங்குன ஃப்ரேம்ல இருந்து ஸ்கிரீன்ல ஆள் குதிக்க ஆரம்பிக்குற ஃப்ரேம் வரைக்கும் எண்ணுனேன், ஒவ்வொண்ணுக்கும் பத்து தடவ. ஒயர் கன்ட்ரோலர்ல 15ல இருந்து 17, ப்ளூடூத்ல 17ல இருந்து 19. கேமோட சொந்த தாமதமும் சேந்தது தான் இது. ஆக வித்தியாசம் ரெண்டு ஃப்ரேம், எட்டு மில்லிசெகண்ட் கிட்ட. எனக்கு தெரியல. தோத்தா சொல்லிக்க ஒரு சாக்கு இருக்கு, அவ்ளோதான்.

வைப்ரேஷன் மொதல்ல வரல, ப்ளூரெட்ரோவுக்கு க்ரோம்ல திறக்குற செட்டிங் பக்கம் ஒண்ணு இருக்கு, ஆண்ட்ராய்ட் ஃபோன்லயே திறக்கும், அதுல ஆக்சசரிங்குற இடத்துல ரம்பிள்னு மாத்துனதும் வந்துருச்சு. அழுத்தத்த அளக்குற பட்டன் மட்டும் இதுல வராது, பிஎஸ்4 கன்ட்ரோலர்ல எக்ஸ், சதுரம் எல்லாம் ஆன் ஆஃப் தான், இல்லாதத யாரும் அனுப்ப முடியாது. கிராண்ட் டூரிஸ்மோல ஆக்சிலேட்டர வலது ஸ்டிக்குக்கு மாத்திக்கிட்டேன், நல்லாவே இருக்கு. மெட்டல் கியர் சாலிட் 3-ல சதுரத்த மெதுவா விட்டா சுடாம துப்பாக்கிய இறக்குவான்ல, அந்த மாதிரி இடத்துல தான் கஷ்டம், நீங்க விட்ட உடனே சுட்டுடுவான், காவல்காரன் எல்லாம் ஓடி வருவான்.

செலவு கணக்கு. காப்பி கன்ட்ரோலர் 380, தப்பு அடாப்டர் 220, சி3 போர்டு 260, வ்ரூம் போர்டு ரெண்டு 840, எக்ஸ்டென்ஷன் கேபிள் 180, டேட்டா கேபிள் 90, ஈயம் ஸ்லீவ் 60, கெப்பாசிட்டர் 5, ஆல்கஹால் 100. மொத்தம் 2135. இதுல சோப்பு டப்பாவுக்கு உண்மையிலயே தேவைப்பட்டது 750 ரூபா. மீதி என் டியூஷன் ஃபீஸ்.

இப்போ அந்த பழைய ட்யூயல்ஷாக் 2-க்கு வர்றேன். டப்பா வேலை முடிஞ்ச மறுநாள் மேசைய ஒழிக்குறப்போ அந்த கவர் கைல கிடைச்சுது. டபுள் சைடு ஃபோம் டேப் ஒரு துண்டு இருந்துச்சு, சுவத்துல கொக்கி ஒட்டுறதுக்கு வருமே அது, ஒரு மில்லிமீட்டர் தடிமன். செத்த ஸ்பாஞ்ச சுரண்டி எடுத்துட்டு அதே அளவுக்கு வெட்டி ஒட்டுனேன். மேல் பக்கத்து பேப்பர உரிக்கல, உரிச்சா ஃபிலிம்ல பசை ஒட்டிக்கும். பஸ் டிக்கெட் ஏன் நாலு நாள்ல போச்சுன்னு அப்போ தான் புரிஞ்சுது, பேப்பர் ஒரு தடவ நசுங்குனா அப்படியே கிடக்கும், ஃபோம் திரும்ப எழும்பி அமுக்கிக்கிட்டே இருக்கும். மூடுனேன். கன்சோல்ல மாட்டுறதுக்கு முன்னாடி எல்லா பட்டனும் வருதான்னு பாக்க என்ன இருக்குன்னு யோசிச்சா, அந்த 220 ரூபா தப்பு அடாப்டர்! லேப்டாப்ல சொருகி விண்டோஸோட கேம் கன்ட்ரோலர் டெஸ்ட்ட திறந்தேன், ஒவ்வொரு பட்டனா அமுக்க அமுக்க லைட் எரியுது, விட்டா அணையுது, ஸ்டிக் நடுவுல வந்து அசையாம நிக்குது. பேய் போயிருச்சு. செலவுன்னு பாத்தா ஒரு ரூபா கூட தேறாது. அழுத்தத்த அளக்குறதும் கேம்ல பழையபடி வருது.

அடுத்த தடவ இத செய்யுறதா இருந்தா மொதல்ல ஃபோம், அப்புறம் தான் கடை. கேபிள வெட்டுறதுக்கு முன்னாடியே குண்டூசியும் மீட்டரும். போர்டுல நேரா சால்டர் பண்ணாம சின்ன கனெக்டர் வச்சிருப்பேன், இப்போ போர்டு போனா ஆறு ஒயரையும் மறுபடி ஒட்டணும். ஒரே ஈஎஸ்பி32 ரெண்டு போர்ட்டையும் பாத்துக்கும், இன்னொரு எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி ரெண்டாவது பிளேயருக்கும் ஒயர் இழுக்கணும்னு இருக்கு, இன்னும் பண்ணல.

பையன் போன வாரம் வந்தான். ரெண்டு கன்ட்ரோலரையும் முன்னாடி வச்சு, சோப்பு டப்பா கதைய 7.6 வோல்ட் உட்பட முழுசா சொல்லி, எது வேணும்னு கேட்டேன். ஒயர் இருக்குற பழசுல கை வச்சான். "மாமா, இதுக்கு சார்ஜ் போட வேணாம்ல"ன்னான். நாலாவது மேட்ச்ல என்னோடதுல லைட் மினுக்க ஆரம்பிச்சுது, ஃபோன் சார்ஜர்ல இருந்து ஒயர இழுத்து அதுல சொருகிக்கிட்டு பிளக் பாயிண்ட் பக்கத்துல தரையில உக்காந்து ஆடுனேன். பையன் சோஃபால.